டிஎஸ்எல்ஆரைப் பையில் போட்டுக் கடலில் இறக்கலாமா?

நீங்கள் கேட்டது இது: குடும்பத்தோடு அந்தமான் போகிறீர்கள், ஹேவ்லாக் தீவின் எலிஃபன்ட் பீச்சில் ஸ்நோர்க்கெலிங், அதாவது குழாய்வழி மூச்சுவிட்டபடி மிதந்து கடலடியைப் பார்ப்பது. மச்சானிடம் இரவல் வாங்கிய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமரா), 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு முன்பக்கம் கண்ணாடி வைத்த வாட்டர்ப்ரூஃப் பை ஒன்று வாங்கிவிட்டீர்கள். அதன்மேல் ஐபிஎக்ஸ்8 என்று தண்ணீர் தாங்கும் தரக்குறியும் 20 மீட்டர் என்றும் அச்சடித்திருக்கிறது. நம்பலாமா? பையைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், அதற்கடியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரவல் கேமராவை இந்தப் பையை நம்பித் தண்ணீரில் இறக்கலாமா என்பது ஒன்று. இறக்கினால் பார்க்கிற மாதிரி படம் தேறுமா என்பது இன்னொன்று. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் அதிலும் ஏமாற நிறைய இருக்கிறது.

நான் சென்னையில் கேமரா சர்வீஸ் செய்கிறவன். பதினெட்டு வருடமாகப் பிரித்துப்போட்ட கேமராக்களோடுதான் குடித்தனம். பாண்டிச்சேரியிலும் அந்தமானிலும் டைவிங் போகிற பழக்கமும் உண்டு. மென்பை (உங்களுடையதுபோன்ற பிளாஸ்டிக் பை), கெட்டி ஹவுசிங் (கேமராவை அடைக்கும் கடினமான பெட்டி) இரண்டிலும் படம் எடுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசைக்கு வருவது கெட்டுப்போன கேமராக்கள் மட்டுமே. பையில் போய் நல்லபடியாகத் திரும்பிய கேமராவுக்கு என் கடையில் என்ன வேலை? அதனால் நூறு பையில் எத்தனை ஒழுகும் என்று நான் ஒரு கணக்குச் சொன்னால் அது பொய்க்கணக்கு. எப்படி ஒழுகுகிறது என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

வாட்டர்ப்ரூஃப் கேமரா பை என்ற ஒரே பெயரில் மூன்று சாமான்களை விற்கிறார்கள். ஒன்று, மழைக்கு மேலே மாட்டுகிற உறை. இன்னொன்று, வாயைச் சுருட்டி கிளிப் போடுகிற டிரை பேக். படகில் அலை தெறித்தாலும், தவறித் தண்ணீரில் விழுந்தாலும் உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இவை இரண்டும் கேமராவைக் கொண்டுபோகத்தான், உள்ளே வைத்துப் படமெடுக்க அல்ல. நீங்கள் வாங்கியது மூன்றாவது வகை. ஒளிபுகும் பிளாஸ்டிக் பை, லென்ஸ் நுழைய ஒரு குழாய், அதன் முனையில் தட்டையான கண்ணாடி. அது நிஜக் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள், சத்தத்திலேயே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் என்றால் இரண்டு நாள் மணலில் புரண்டதும் கீறல் விழுந்து, எல்லாப் படமும் பனிமூட்டத்தில் எடுத்ததுபோல ஆகிவிடும்.

ஐபிஎக்ஸ்8-க்கு வருவோம். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும் என்று தெளிவான வரையறை இருக்கிறது. ஐபிஎக்ஸ்8-க்கு அப்படி நிலையான ஆழம் கிடையாது. அதற்கு மேல் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். சோதனையும் புத்தம்புதுச் சாமானை அசையாத நல்ல தண்ணீரில் முக்கிச் செய்வது. உப்புநீர், அலை, மணல், மடித்து மடித்துப் பழசான பிளாஸ்டிக், இவை எதுவும் அந்தச் சோதனையில் இல்லை. இந்தத் தொழிலில் பெயர் எடுத்த கொரியாவின் டிகாபேக், இங்கிலாந்தின் அக்வாபேக் போன்றவர்களே டிஎஸ்எல்ஆர் பைக்கு 5 மீட்டர்தான் சொல்கிறார்கள். ஜெர்மனியின் எவா-மரீன் பைகள் இன்னும் ஆழம் போகக்கூடியவை, ஆனால் அவற்றின் வாயைச் சட்டம் வைத்துத் திருகு போட்டு இறுக்க வேண்டும், விலையும் வேறு. 1,800 ரூபாய்ப் பையில் 20 மீட்டர் என்று அச்சடிக்க மை மட்டும் போதும். ஐபிஎக்ஸ்8-இன் பொருள் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உங்கள் பையின் 20 மீட்டர் சந்தேகத்துக்குரியது. இரண்டையும் ஒரே அடைமொழிக்குள் விற்பதுதான் தந்திரம்.

இதற்குமேல் ஒன்று, பலருக்குத் தலைகீழாகப் படுவது: மென்பையில் தண்ணீர் புகுவதற்கு ஆழம் முதல் காரணமே அல்ல. கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேற்பரப்பில் 1 என்றால் 5 மீட்டரில் ஒன்றரை, 10 மீட்டரில் 2. கெட்டி ஹவுசிங் அசையாமல் நிற்கும், உள்ளே காற்று மேற்பரப்பு அழுத்தத்திலேயே இருக்கும், வெளியே தண்ணீர் நெருக்கும். அந்த வித்தியாசம் முழுவதையும் அதன் சுவரும், மூடியிடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் தாங்க வேண்டும். பை அப்படி அடம்பிடிப்பதில்லை. தண்ணீர் நெருக்க நெருக்கச் சுருங்கிக் கொடுக்கும், உள்ளே காற்றும் அதே அளவு அழுத்தப்படும். மேலே 2 லிட்டர் காற்றோடு மூடிய பைக்குள் 5 மீட்டரில் சுமார் 1.3 லிட்டர், 10 மீட்டரில் 1 லிட்டர். உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட சமம், அதனால் தண்ணீரை உள்ளே தள்ளுகிற விசை மிகக் குறைவு. லென்ஸின் இடுக்குகள் வழியாக அந்தக் காற்று கேமராவுக்குள்ளும் போய்வரும் என்பதால் கேமராவும் நசுங்காது.

இந்த யோசனை புதிதல்ல. 1893-இல் பிரான்ஸின் தெற்கில் பன்யூல்ஸ் கடற்கரையில் லூயி பூட்டான் என்ற உயிரியலாளர் கடலடியில் படம் எடுத்தபோது கேமராவைச் செம்புப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு காற்றடைத்த ரப்பர் பலூன் ஒன்றை இணைத்திருந்தார். ஆழம் போகப் போக பலூன் சுருங்கி, அதன் காற்று பெட்டிக்குள் போய் அழுத்தத்தைச் சமப்படுத்தும். உங்கள் பையில் பலூனும் பெட்டியும் ஒன்றே, அவ்வளவுதான்.

சமம் என்பதற்கும் எல்லை உண்டு. பையிலிருக்கும் உபரிக் காற்று தீர்ந்து, பிளாஸ்டிக் கேமராவின் உடம்போடு ஒட்டிக்கொண்டபின் அது மேலும் சுருங்க முடியாது. அந்த இடத்திலிருந்துதான் அழுத்த வித்தியாசம் ஆரம்பிக்கிறது, மூடியின் உண்மையான பலமும் அங்கேதான் தெரியும். அதற்கு முன்பே வேறொரு தொல்லை வரும். ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பொத்தான்களை அமுக்கும். ஷட்டர் அமுங்கியபடியே நிற்கும், இல்லாவிட்டால் உங்கள் விரல் அமுக்குவது எந்தப் பொத்தானை என்றே தெரியாது. அதற்காகப் பையை உப்பலாகக் காற்றடைத்துக்கொண்டால் அது உங்களைக் கீழே போக விடாது. பையும் கேமராவுமாகத் தள்ளுகிற தண்ணீரில் ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய ஒரு கிலோவை மேலே தூக்கும். என் கணக்கு, கேமராவைச் சுற்றி ஒரு கைப்பிடி தளர்வு இருக்கிற அளவு காற்று. பை மிதக்க வேண்டும், ஆனால் பந்துபோலத் துள்ளக் கூடாது. மென்பையை ஐந்து மீட்டருக்குக் கீழே நான் கொண்டுபோனதில்லை, அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பதில் என் பேச்சுக்கு மதிப்பில்லை.

அப்படியென்றால் தண்ணீர் எங்கே புகுகிறது? பெரும்பாலும் வாயில். அதுவும் இடுப்பளவு தண்ணீரில். ஒரு தலைமுடி, நான்கு மணல் துகள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தின் ஒரு மூலை, இவற்றில் எது மூடியில் அகப்பட்டாலும் அது ஒரு வாய்க்கால். ஒருவர் தேன் நிறத்தில் துரு வழிகிற கேமராவோடு பையையும் எடுத்துவந்து, பை மட்டமான சரக்கு, ஒழுகிவிட்டது என்று கத்தினார். பார்த்தால் கேமராவின் கழுத்துப்பட்டி நுனி மூடியிடுக்கில் நசுங்கிய தடம் அப்படியே இருந்தது. ஒட்டகச்சிவிங்கியின் நாக்குபோல ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதோடு கடலில் இறங்கியிருக்கிறார். பட்டியின் நெசவு திரிபோலத் தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொடுத்திருக்கிறது. கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடுங்கள் என்பதை அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் முதல் வாக்கியமாகச் சொல்கிறேன். இன்னொரு வழி, லென்ஸ் குழாயைப் பையோடு சேர்த்திருக்கும் ஒட்டு. வெயிலில் காரில் விட்ட பை, மடித்து மூட்டைக்கடியில் அமுக்கிய பை, இவற்றில் பிளாஸ்டிக் விறைத்துப்போய் அந்த ஒட்டு விடும்.

நல்ல தண்ணீரில் விழுந்த கேமராவை நான் சில சமயம் பிழைக்கவைத்திருக்கிறேன். கடல் தண்ணீர் வேறு ஜாதி. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பேட்டரி உள்ளே இருக்கும்வரை சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்களை மின்சாரமே அரித்துத் தின்னும். நம் வீட்டுச் செம்புக் குடத்தில் ஏறுகிற பச்சைக் களிம்பு போர்டின்மேல் ஏறுவதைப் பார்க்க மாதக்கணக்கு வேண்டாம், சில மணிநேரம் போதும். காய்ந்தபின் தங்குகிற உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்து அந்த வேலையைத் தொடர்ந்து செய்யும். அதனால்தான் அரிசிக்குள் புதைத்து வைத்தேன் என்று வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அரிசி ஒருவேளை ஈரத்தைக் கொஞ்சம் வாங்கலாம், உப்பை வாங்காது. தவிடும் மாவும் ஜூம் வளையத்துக்குள் போனதுதான் மிச்சம். வாரண்டியையும் நம்ப வேண்டாம். தண்ணீர் பட்டதென்றால் கேமரா கம்பெனிக்காரர்கள் பொதுவாகக் கையை விரிப்பார்கள்; பை விற்றவர் பைக்குப் பதில் பை தருவார், உள்ளே இருந்ததற்குத் தரமாட்டார்.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருகிறேன். எலிஃபன்ட் பீச்சுக்கு ஜெட்டியிலிருந்து படகில் போகலாம், காட்டுப் பாதையில் நடந்தும் போகலாம். பவளம் கரைக்கு அருகிலேயே தொடங்கிவிடும். அங்கே ஸ்நோர்க்கெலிங் என்பது பெரும்பாலும் லைஃப் ஜாக்கெட்டோ ரப்பர் வளையமோ மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்துப் படுத்திருப்பது, கைடு உங்களை இழுத்துக்கொண்டு போவார். அதாவது நீங்கள் முங்கவே போவதில்லை. கையை நீட்டினால் கேமரா போகிற ஆழம் அரை மீட்டர். 20 மீட்டரா 5 மீட்டரா என்ற கவலைக்கு அங்கே வேலையே இல்லை. கவலைப்பட வேண்டியது படகில் ஏறி இறங்கும்போது, கரையில் அலை உடைகிற இடத்தில், மணலில் உட்கார்ந்து பையைத் திறந்து மூடும்போது. நான் பார்த்த விபத்துகள் அந்த மூன்று இடங்களில்தான்.

படம் தேறுமா? தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, கால்பங்கு கிட்டத்தில் இருப்பதாகத் தெரியும். உங்கள் 18 மில்லிமீட்டர் லென்ஸ் தண்ணீரில் 24 மில்லிமீட்டராக நடந்துகொள்ளும். தண்ணீருக்குள் படமெடுப்பதன் மொத்த ரகசியமும் கிட்டப் போய் அகலமாக எடுப்பது, ஏனென்றால் கேமராவுக்கும் மீனுக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவு கலங்கல். உங்களிடமுள்ள அகலத்தில் கொஞ்சத்தை நுழையும்போதே தட்டைக் கண்ணாடி பிடுங்கிக்கொள்கிறது. ஆகவே லென்ஸை 18-லேயே வைத்து ஜூமை மறந்துவிடுங்கள். ஃபில்டர், ஹூட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, லென்ஸ் முனை கண்ணாடியை ஒட்டி நிற்கும்படி தள்ளி வையுங்கள். இடைவெளி விட்டால் நான்கு மூலையிலும் குழாயின் கறுப்பு விளிம்பு விழும்.

வியூஃபைண்டரில் கண் வைக்க முடியாது, முகத்தில் மாஸ்க் இருக்கும். பின்திரையைப் பார்த்து எடுக்கலாமென்றால் வெயிலும் பிளாஸ்டிக்கின் மினுக்கமும் சேர்ந்து திரை கண்ணாடி பார்ப்பதுபோல ஆகிவிடும். பழைய டிஎஸ்எல்ஆர்களில் திரையைப் பார்த்து எடுக்கும்போது ஆட்டோஃபோகஸ் ஆமை வேகம், மீன் காத்திருக்காது. நான் செய்வது இது. கரையிலேயே, பையில் போடும் முன், 18 மில்லிமீட்டரில் வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி யாரையாவது நிற்கவைத்து ஆட்டோஃபோகஸ் செய்து, அப்படியே லென்ஸின் பொத்தானை மேனுவலுக்குத் தள்ளிவிடுவேன். அதன்பின் வளையத்தைத் தொடுவதில்லை. லென்ஸின் துளை அளவை எஃப்8-இல் வைத்தால் உங்கள் சென்ஸார் அளவுக்கு ஏறக்குறைய 0.9 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். தண்ணீருக்குள் கேமரா காண்பது கிட்டத்துத் தோற்றத்தை என்பதால் நிஜ தூரத்தில் அது 1.2 மீட்டரிலிருந்து ஆறரை மீட்டர் வரை. ஸ்நோர்க்கெலிங்குக்கு அது தாராளம். மோட் டயலை மேனுவலில் வைத்து ஷட்டர் 1/250, எஃப்8, ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோ. பிறகு கோயிலில் கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கிப் படம் எடுப்போமே, அந்த மாதிரி குத்துமதிப்பாக நீட்டி நான்கைந்தாக அடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். நூறில் எட்டுப் படம் நன்றாக வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டர் தண்ணீரைக் கடக்கும்போதே சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். கடப்பது என்றால் ஆழம் மட்டுமல்ல. மூன்று மீட்டர் கீழே இருக்கும் பவளத்தை மேற்பரப்பிலிருந்து எடுத்தால் வெளிச்சம் மூன்று மீட்டர் இறங்கி, மூன்று மீட்டர் ஏறி, மொத்தம் ஆறு மீட்டர் பயணம் செய்து வருகிறது. மேலேயே மிதக்கிற நீங்கள் எடுக்கும் படங்கள் பச்சையும் நீலமுமாக இருப்பது அதனால்தான். சென்ஸார் பதித்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபார்மட்டில் எடுத்தால் வீட்டுக்கு வந்து ஓரளவு திருத்தலாம். முற்றிலும் போன சிவப்பை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது பிளாஸ்டிக்கில் பட்டுத் திரும்பி உங்கள் லென்ஸுக்குள்ளேயே அடிக்கும். காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரை, சூரியன் உச்சியிலிருக்கும் நேரமே நமக்கு ஃபிளாஷ்.

கண்ணாடியின் உள்பக்கம் பனி படிவதை எல்லோரும் ஒழுகல் என்று நினைத்துப் பதறுவார்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்றை அடைத்து மூடி, பையை வெயிலில் வைத்துச் சூடாக்கி, பிறகு தண்ணீரில் இறக்கினால் கண்ணாடி குளிர்ந்து உள்ளிருக்கும் ஈரம் அதன்மேல் முத்துமுத்தாகப் படியும். ஓட்டலின் ஏசி அறையில், காற்று உலர்ந்திருக்கும்போதே கேமராவைப் பையில் போட்டு மூடிவிடுங்கள். நான்கு சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கீழ்மூலையில் டேப் போட்டு ஒட்டுங்கள், சும்மா போட்டால் சரியாக லென்ஸ் முன்னால் வந்து உட்காரும். உப்பலாக்க வாயால் ஊதாதீர்கள், நம் மூச்சு ஈரம். படகில் பையை நனைத்த துண்டால் மூடி வையுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. அறையில் மூடியதைக் கடற்கரையில் திறக்கத் தேவையில்லை என்றால் மணல் சங்கதியும் அதோடு தீர்ந்தது. கார்டில் இடம், பேட்டரியில் சார்ஜ், மோட் டயல், எல்லாம் முன்பே சரிபார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் இரண்டு சோதனை. முதலாவது சைக்கிள் பஞ்சர் கடைச் சோதனை. கேமரா இல்லாமல் பையை நிறையக் காற்றோடு மூடி, தொட்டித் தண்ணீரில் முழுக்க அமுக்கி, இரண்டு கையாலும் நன்றாகப் பிழியுங்கள். ட்யூபில் குமிழி பார்ப்பதுபோல மூடியின் இரு முனை, லென்ஸ் குழாயின் ஒட்டு, ஓரத் தையல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொடர்ந்து ஒரே இடத்திலிருந்து குமிழி வந்தால் அந்தப் பைக்கு வேலை காய்கறி வாங்குவதுதான். இரண்டாவது, உள்ளே கேமரா கனத்துக்குத் தண்ணீர் பாட்டிலைத் துடைத்துக் காயவைத்து வைத்து, சுற்றிலும் டிஷ்யூ பேப்பர் திணித்து, மேலே கல் வைத்து இரவு முழுக்க வாளியில் அமுக்கி வையுங்கள். காலையில் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்தபின் திறந்து, பேப்பரில் ஒரு புள்ளி ஈரமாவது இருக்கிறதா பாருங்கள். இதில் தேறினால் என்ன நிரூபணம்? அன்றைக்கு நீங்கள் மூடிய விதத்தில் அரையடி, ஓரடித் தண்ணீரில் ஒழுகவில்லை என்பது மட்டும். நீங்கள் போகிற இடத்துக்கு அதுவே முக்கால்வாசிப் பதில். மூடுவதைப் பத்துத் தடவை பழகுங்கள். வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டுமே மூட வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

தண்ணீரில் இறங்கியதும் முதல் இரண்டு நிமிடம் படம் எடுக்காதீர்கள். ஒளிபுகும் பை என்பதால் ஒரு வசதி, உள்ளே துளி சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கீழ்மூலையைப் பாருங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழிகளை விரலால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படத்திலும் வட்டவட்டமாக மங்கல் விழும். அதே விரலில் சன்ஸ்கிரீனோ தேங்காய் எண்ணெயோ இருந்தால் துடைக்காமல் இருப்பதே மேல். பையின் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும், கழுத்தில் வேண்டாம், ஸ்நோர்க்கெல் குழாயோடு சிக்கும். படத்துக்காகப் பவளத்தின்மேல் காலூன்றி நிற்காதீர்கள். அது பாறையல்ல, உயிர். ஒரு துண்டு உடைத்து நினைவுக்கு எடுத்துவருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

ஆக, உங்கள் கேள்விக்கு என் முடிவு. அது உங்கள் சொந்தக் கேமராவாக, நாலைந்து வருடம் உழைத்துக் காசை எடுத்துவிட்டதாக இருந்தால், மேலே சொன்னதைச் செய்து தாராளமாக இறக்குங்கள் என்பேன். இரவல் கேமராவை நான் இறக்க மாட்டேன். மச்சானுக்கு இந்தத் திட்டம் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்து அவர் சரி என்றிருந்தால் அது வேறு கணக்கு. அந்தமானில் ஸ்நோர்க்கெலிங் நடத்துகிறவர்களிடம் பெரும்பாலும் சின்ன ஆக்‌ஷன் கேமரா இருக்கும், அவர்களே எடுத்துத் தருவார்கள். கோப்ரோவில் 2016-இல் வந்த ஹீரோ5 முதல் பெரும்பாலான மாடல்கள் தனி உறை இல்லாமலே 10 மீட்டர் போகும்; சென்னையில் நாள் வாடகைக்கும் கிடைக்கிறது. ஒலிம்பஸ் டிஜி-6, இப்போதைய ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போன்ற டஃப் வகைக் கேமராக்கள் 15 மீட்டர் வரை தாமாகவே தாங்கும். அவற்றிலும் பேட்டரிக் கதவின் ரப்பரில் முடி சிக்கினால் இதே கதைதான். அகல லென்ஸ், முன்பே வைத்த ஃபோகஸ், ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு என்று இந்த வேலைக்கென்றே செய்த ஆக்‌ஷன் கேமரா, நீங்கள் எடுக்கப்போகிற மாதிரிப் படங்களில் பைக்குள் அடைத்த டிஎஸ்எல்ஆரை வெல்லும் என்பது என் அனுபவம். இதை மறுக்கிற டைவர் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கெட்டி ஹவுசிங்கும் வெளி ஃபிளாஷும் வைத்திருப்பவர்கள்.

வாங்கிய பை வீணா என்றால் இல்லை. மச்சானின் கேமராவை அதில் மூடி, ஃபெர்ரியிலும் படகிலும் கரையிலும் அப்படியே வைத்துப் படமெடுங்கள். தெறிக்கிற உப்புநீருக்கும் பறக்கிற மணலுக்கும் அதைவிட நல்ல காப்பு இல்லை. குழந்தைகள் அலையில் விளையாடுவதை இடுப்பளவு தண்ணீரில் நின்று, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து எடுத்தால் வருகிற படங்கள், கலங்கலான மீன் படங்களைவிட ஆல்பத்தில் நிற்கும்.

இதையெல்லாம் மீறி உள்ளே தண்ணீர் போய்விட்டால், வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள், அந்த ஆசைதான் பல கேமராக்களைக் கொன்றிருக்கிறது. பையை லென்ஸ் மேலே பார்க்கும்படி பிடித்துக் கரையேறி, வெளியைத் துடைத்து, திறந்த நொடியில் பேட்டரியைக் கழற்றுங்கள், அடுத்து கார்டு. கார்டுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். குடிநீரில் அலசித் துடைத்துக் காயவைத்தபின் படங்களை எடுத்துவிடலாம். நாலு துளி கேமராவின் மேலே மட்டும் பட்டதென்றால் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். முழுக்க நனைந்துவிட்டதென்றால், பேட்டரி இல்லாத கேமராவைக் குடிநீரில் இரண்டு மூன்று முறை முக்கி உப்பை வெளியேற்றி, தண்ணீரை உதறி வடித்து, அன்றே சர்வீஸுக்கு அனுப்ப முடியுமா பாருங்கள். இதில் என் தொழில்காரர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, முக்கவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். உப்போடு காய்ந்து வந்ததையும் உப்பு கழுவி வந்ததையும் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் நான் முக்கச் சொல்கிற கட்சி. பிழைக்கும் என்று உறுதி தரமாட்டேன், லென்ஸையோ போர்டையோ ஒன்றையாவது மீட்க வழி இருக்கும், அவ்வளவே.

ஒழுகாமல் திரும்பினாலும் வேலை முடியவில்லை. ஓட்டலில் பையைத் திறக்கும் முன் மூடியபடியே நல்ல தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். மூடியின் இடுக்கில் காய்ந்த உப்புப் பரல் அடுத்தமுறை மணலின் வேலையைச் செய்யும். துடைத்து, தலைமுடியையும் கையையும் காயவைத்துவிட்டு, பையின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறந்தால் இடுக்கில் நிற்கிற தண்ணீர் உள்ளே போகாமல் வெளியே சொட்டும். பையை நிழலில் காயவைத்து, மடிக்காமல், மூடியைப் பூட்டாமல் அலமாரியில் தொங்கவிடுங்கள். அடுத்த வருடம் எடுக்கும்போது பஞ்சர் கடைச் சோதனையை மறுபடி முதலிலிருந்து.